மோரிஸ் ஆட்டம் முடிந்ததும் பப்புக்குள் நடக்கும் இசை: நாமும் போய் உட்காரலாமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். இங்கிலாந்துக்கு வேலைக்கு வந்திருக்கிறீர்கள். ஒரு கிராமத்துப் பப் வாசலில், முழங்காலுக்குக் கீழே மணி கட்டிக்கொண்டு, கைக்குட்டை வீசியும் கம்போடு கம்பு தட்டியும் ஆடியவர்களைப் பார்த்தீர்கள். அதுதான் மோரிஸ் என்ற இங்கிலாந்து நாட்டுப்புற ஆட்டம். இருட்டியதும் அவர்கள் உள்ளே போய், ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாசிக்கவும் பாடவும் ஆரம்பித்தார்கள். அது கச்சேரியா, ஒத்திகையா, தங்களுக்குள் நடத்திக்கொள்ளும் விருந்தா, சின்ன வயதில் கர்நாடக வயலின் கற்ற உங்களுக்கு அங்கே இடம் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இடம் உண்டு. அதற்குப் பெயர் செஷன். மேடை கிடையாது, மைக் கிடையாது, நிகழ்ச்சி நிரல் கிடையாது, பெரும்பாலும் காசும் கிடையாது. வாத்தியத்தோடு வருகிறவர் உட்காரலாம், வாத்தியம் இல்லாதவர் கோரஸில் சேர்ந்து பாடலாம், இரண்டும் வராதவர் பக்கத்து மேசையில் இருந்து கேட்கலாம். ஆட்டம் முடிந்த களைப்பில் நடக்கும் உபரிக் கொண்டாட்டம் என்றுதான் பலரும் இதை நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. மோரிஸ் இன்றைக்கும் உயிரோடு இருப்பதில் பாதிப் பங்கு இந்த மேசைக்கு உண்டு என்பது என் கருத்து. ஏன் என்று முதலில் சொல்கிறேன், எப்படிப் போய் உட்காருவது என்பது அப்புறம்.

பெரும்பாலான குழுக்கள் அக்டோபர் முதல் ஏப்ரல் வரை ஊர்ப் பொது மண்டபம் எதிலாவது வாரம் ஒரு நாள் பயிற்சி செய்யும். மே பிறந்ததும் வெளியே வந்துவிடும். ஏழு, ஏழரை மணிக்கு ஒரு பப் வாசலில் ஆட்டம், சில நாள் அடுத்த ஊர்ப் பப்பில் இன்னொன்று. ஜூன் மாதத்தில் இங்கே ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும் என்பதால் அவசரம் இல்லை. குழுவை ‘சைடு’ என்பார்கள். தலைவர் ஸ்குவயர். கடிதப் போக்குவரத்து, எந்த நாளில் எந்தப் பப் என்று பேசி முடிப்பது எல்லாம் பேக்மேன் என்பவரின் பொறுப்பு. கூட்டத்தில் தொப்பி ஏந்திக் காசு வாங்குவதும் உண்டு; அது குழுச் செலவுக்கோ தர்ம காரியத்துக்கோ போகும். கடைசி ஆட்டம் முடிந்ததும், இடுப்பில் தொங்கும் டாங்கர்ட் என்ற பீர்க் குவளையைக் கழற்றிக்கொண்டு உள்ளே போவார்கள். நல்ல பப்காரர் என்றால் ஒரு தட்டு சாண்ட்விச்சோ சிப்ஸோ மேசைக்கு வந்துவிடும். கொஞ்ச நேரத்தில் யாராவது ஒருவர் மெலோடியன் என்ற துருத்திப் பெட்டியை எடுத்து மடியில் வைப்பார். அறிவிப்பு எதுவும் இருக்காது. முதல் இரண்டு சுரத்திலேயே மெட்டைப் பிடித்துக்கொண்டு மற்றவர்கள் உள்ளே நுழைவார்கள்.

வெளியே வாசித்த அதே ஆட்கள், பல சமயம் அதே மெட்டுகள். ஆனால் வாசிப்பு வேறு. ஆட்டத்துக்கு வாசிப்பவரின் கண் ஆட்டக்காரர்களின் காலிலேயே இருக்கும். காட்ஸ்வோல்டு வகை மோரிஸில் பொதுவாக ஆறு பேர் ஆடுவார்கள். சில இடங்களில் உயரத் தாவ வேண்டும். அந்தத் தாவலுக்கு மெட்டைக் கிட்டத்தட்டப் பாதி வேகத்துக்கு இழுத்து, கால் தரையைத் தொடும் நேரத்தில் அடி விழும்படி வாசிப்பவர் காத்திருக்க வேண்டும். ஆடுகிறவரின் உடல் கனம், புல்லின் ஈரம், எத்தனையாவது ஆட்டம் என்பதைப் பொறுத்து அந்தக் காத்திருப்பு நாளுக்கு நாள் மாறும். ஒரு நல்ல மோரிஸ் வாத்தியக்காரரை அடையாளம் காட்டுவது இந்த ஒரு திறமைதான் என்பேன். விரல் வேகம் எல்லாம் பிறகு.

பப்புக்குள் அந்தக் கட்டு இல்லை. மெட்டு தன் போக்கில் ஓடலாம். ஒருவர் மேலே இன்னொரு குரல் சேர்க்கலாம். புதிதாகக் கற்பவர் தப்பு விட்டால் யாரும் தடுக்கி விழப் போவதில்லை. ஆட்டத்துக்கு நடுவில் நின்று யாராலும் வாசிக்கக் கற்றுக்கொள்ள முடியாது. மெட்டுகளைக் காதில் ஏற்றிக்கொள்ளவும், பத்துப் பேர் சத்தத்துக்குள் மறைந்து வாசித்துப் பழகவும் இந்த மேசையைவிட நல்ல இடம் இல்லை. ஆட்டத்துக்கு வேண்டிய வாத்தியக்காரர்கள் பலரும் இங்கேதான் உருவாகிறார்கள்.

இன்று இந்த மேசையில் மேலோங்கி நிற்பது மெலோடியன். துருத்தியைத் தள்ளும்போது ஒரு சுரம், இழுக்கும்போது அதே பொத்தானில் வேறு சுரம். இந்தத் தள்ளலும் இழுப்பும்தான் மெட்டுக்கு அந்தக் குதிப்பைத் தருகின்றன. இங்கிலாந்தில் அதிகம் புழங்குவது இரண்டு வரிசைப் பொத்தான் கொண்ட பெட்டி; ஒரு வரிசை டி சுருதிக்கு, இன்னொன்று ஜி சுருதிக்கு. அதனால் செஷனில் எழும் மெட்டுகளில் பெரும்பகுதி இந்த இரண்டு சுருதிக்குள் இருக்கும். கூடவே கான்சர்டினா என்ற சிறிய துருத்தி வாத்தியம், வயலின், தகர விசில், சில இடங்களில் கிதார். மிகப் பழைய மோரிஸ் வாத்தியம் இவை எதுவும் இல்லை. ஒரு கையால் மூன்று துளைக் குழலும் மறு கையால் சிறு மேளமும் ஒரே ஆள் வாசிக்கும் ஜோடிதான் அது. இன்றைக்கும் ஒரு சிலர் அதை வாசிக்கிறார்கள். எங்காவது கேட்கக் கிடைத்தால் தவற விடாதீர்கள்.

மோரிஸ் பற்றிய பழைய எழுத்துச் சான்று 1448-ஐச் சேர்ந்தது: லண்டன் பொற்கொல்லர் சங்கம் ஆட்டக்காரர்களுக்கு ஏழு ஷில்லிங் கொடுத்த கணக்கு. அன்றிலிருந்து ஒரே ஆட்டம் அறுபடாமல் வந்துகொண்டிருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பல ஊர்களில் நின்றிருக்கிறது, சில ஊர்களில் திரும்பத் தொடங்கியிருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டை ஒட்டிய ஹெடிங்டன் குவாரியில் 1887-இல் நின்றுபோனது. பெர்சி மானிங் என்ற பழமை ஆய்வாளர் தூண்டியதில் 1899-இல் மறுபடி கூடினார்கள். அந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு மறுநாள், குளிரில் கட்டட வேலை நின்றிருந்ததால் நாலு காசு பார்க்கலாம் என்று பருவம் தப்பி ஆட வந்தவர்களை, மாமியார் வீட்டில் தங்கியிருந்த செசில் ஷார்ப் என்ற இசை ஆசிரியர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். கான்சர்டினா வாசித்த வில்லியம் கிம்பரை மறுநாள் வரவழைத்து மெட்டுகளை எழுதிக்கொண்டார். கிம்பர் ஒரு கொத்தனார். அவருடைய தந்தையும் அதே குழுவில் ஆடியவர், கான்சர்டினா வாசித்தவர். மகன் மெட்டுகளைக் கற்றது அவரிடம். பன்னிரண்டு வருடம் ஆட்டம் இல்லாத ஊரில் மெட்டுகள் மிஞ்சியிருந்தன என்றால் அது இப்படிப்பட்ட விரல்களால்தான். ஆட்டம் நின்றால் திரும்பத் தொடங்கலாம். மெட்டு தெரிந்த கடைசி ஆள் போய்விட்டால் மிகவும் கஷ்டம்.

பெண்களைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை. 1905-இல் மேரி நீல் என்பவர் லண்டனில் உழைக்கும் பெண்களுக்காக நடத்திய எஸ்பெரான்ஸ் மன்றத்துக்குக் கிம்பரே வந்து ஆட்டம் கற்றுக்கொடுத்தார். அதாவது மறுமலர்ச்சியின் தொடக்கத்திலேயே பெண்கள் இருந்தார்கள். 1934-இல் உருவான மோரிஸ் ரிங் என்ற கூட்டமைப்பு நெடுங்காலம் ஆண்களுக்கு மட்டும் என்று இருந்தபோது, பெண்கள் 1975-இல் தங்களுக்கென்று தனிக் கூட்டமைப்பு தொடங்க வேண்டியிருந்தது. இன்றைய நிலைமை வேறு. கலந்த குழுக்கள் சர்வ சாதாரணம்.

ஆட்டத்தோடு சேராமலேயே பப்பில் வாசிக்கும் வழக்கம் தனியாகவும் இருந்தது. சசெக்ஸில் ஸ்கேன் டெஸ்டர் (1887–1972) என்ற கான்சர்டினாக்காரர் செல்வுட் கேட் ஊரின் ஸ்டோன் குவாரி பப்பில் வாசித்துப் புகழ்பெற்றார். சஃபோக்கில் பிளாக்ஸ்ஹால் ஊரின் ஷிப் பப்பில் பாட்டு இரவுக்கு ஒரு தலைவர் இருப்பார். சத்தத்தை அடக்கி, அடுத்துப் பாட வேண்டியவரைப் பெயர் சொல்லி அழைப்பார். ஆனால் இன்று நாம் பார்க்கும், வட்டமாக உட்கார்ந்து மெட்டுக்கு மேல் மெட்டாக வாசிக்கும் வடிவத்துக்கு இன்னொரு மூலம் உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் லண்டனுக்கு வேலைக்கு வந்த அயர்லாந்துக்காரர்களுக்கு வாடகை அறையில் இசைக்க இடம் இல்லை. ஊரில் வீட்டுச் சமையலறையில் நடந்தது இங்கே பப்புக்கு வந்தது. கென்டிஷ் டவுனின் டெவன்ஷயர் ஆர்ம்ஸ் பப்பில் 1940களின் பிற்பகுதியில் நடந்ததை முதல் செஷன்களில் ஒன்றாகச் சொல்வார்கள்.

அப்புறம் 1970களில் ஓல்ட் ஸ்வான் பேண்ட் போன்றவர்கள், ரீல் எனப்படும் ஐரிஷ் ஆட்ட மெட்டுகளின் வேகத்தை விட்டுவிட்டுத் தென் இங்கிலாந்தின் போல்கா, ஹார்ன்பைப் மெட்டுகளை முன்னால் கொண்டுவந்தார்கள். மோரிஸ் செஷன்களில் கேட்கும் அந்தக் கனமான, நிதானமான அடிக்கு அவர்களுடைய பங்கு பெரிது. எனக்கு இந்த நிதானம் மிகவும் பிடிக்கும். எழுந்து நின்றால் ஆடிவிடலாம் என்கிற வேகம் அது.

இந்த இரண்டும், வாசல் ஆட்டமும் உள்ளே நடக்கும் இசையும், எவ்வளவு பின்னிக் கிடக்கின்றன என்பது சட்டம் அவற்றைப் பிரிக்கப் பார்த்தபோதுதான் தெரிந்தது. 2003-இல் நிறைவேறி 2005 நவம்பரில் நடைமுறைக்கு வந்த உரிமச் சட்டம், பப்பில் நேரடி இசை நடத்த உரிமத்தில் அதற்கென்று அனுமதி வேண்டும் என்றது. அதற்கு முன் இருவர் வரை வாசிக்கத் தனி அனுமதி தேவைப்படவில்லை. அந்தச் சலுகை போய்விட்டது. மோரிஸுக்கு மட்டும் பெயர் சொல்லி விலக்கு கொடுத்தார்கள். மோரிஸோ அதுபோன்ற ஆட்டமோ நடக்கும்போது, அதன் பிரிக்க முடியாத பகுதியாக ஒலிபெருக்கி இல்லாமல் வாசிக்கும் இசைக்கு அனுமதி வேண்டாம் என்றார்கள்.

விளைவை யோசித்துப் பாருங்கள். வாசலில் நின்று வாசித்தவர் சட்டப்படி சரி. அவரே பத்தடி நடந்து உள்ளே வந்து, அதே மெட்டை அதே பெட்டியில் வாசித்தால், உரிமத்தில் இசைக்கு இடம் இல்லாத பப்காரர் வம்பில் மாட்டலாம். கேட்பவர்களை மகிழ்விக்க நடப்பதுதான் சட்டத்தின் கண்ணில் நிகழ்ச்சி. தங்களுக்காகத் தாங்களே வாசித்துக்கொள்வது அதில் சேருமா என்பதை ஆளுக்கொரு விதமாகப் படித்தார்கள். வம்பு எதற்கு என்று சில பப்காரர்கள் செஷனையே நிறுத்தினார்கள். பிரபுக்கள் சபை உறுப்பினர் கிளெமென்ட்-ஜோன்ஸ் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்த நேரடி இசைச் சட்டம் 2012 அக்டோபர் 1 முதல் இதைச் சரிசெய்தது. காலை 8 முதல் இரவு 11 வரை ஒலிபெருக்கி இல்லாத நேரடி இசைக்கு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இந்த அனுமதி தேவையில்லை. அந்த ஏழு வருடங்களில் நின்ற செஷன்கள் எல்லாம் திரும்பிவிடவில்லை என்பதுதான் வருத்தம். இப்போதைய பெரிய ஆபத்து பப்புகளே மூடப்படுவது. 2000-இல் பிரிட்டனில் சுமார் 60,000 பப்புகள் இருந்தன, இப்போது சுமார் 45,000.

சரி, எப்படிப் போய் உட்காருவது? முதல் முறை வாத்தியப் பெட்டியைத் திறக்காமல் ஒரு பானத்தை வாங்கிக்கொண்டு கேளுங்கள். பீர்தான் வேண்டும் என்றில்லை. லைம் சோடாவோடு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பவர்கள் நிறையப் பேர். ஆனால் எதையாவது வாங்குங்கள். மேசையை விட்டுக்கொடுக்கும் பப்காரருக்கு வருமானம் அதுதான். காலியாக இருக்கும் நாற்காலி உண்மையில் காலியா என்று கேட்டுவிட்டு உட்காருங்கள், வழக்கமாக அங்கே உட்காருகிறவர் அப்போதுதான் பானம் வாங்கப் போயிருக்கலாம். எல்லாவற்றையும் யார் ஆரம்பிக்கிறார், மற்றவர்கள் யாரைப் பார்க்கிறார்கள் என்று கவனித்தால், தலைவர் இல்லாத மேசைக்கும் ஒரு தலைவர் இருப்பது புரியும்.

மெட்டுகளின் அமைப்பு எளிது. எட்டு பார் (நம் ஆவர்த்தம் போன்ற தாள அளவு) நீளமுள்ள முதல் பகுதி இரண்டு முறை, இரண்டாம் பகுதி இரண்டு முறை, மொத்தம் 32 பார். இதைப் பெரும்பாலும் மூன்று சுற்று வாசிப்பார்கள். இரண்டு மூன்று மெட்டுகளை இடைவெளி இல்லாமல் கோர்ப்பதும் உண்டு. முடிக்கப் போகிறார்கள் என்பதற்கு ஒரு தலையசைப்பு, சிலர் ஒரு காலைத் தூக்குவார்கள். தெரியாத மெட்டுக்கு வாசிக்காமல் இருப்பதுதான் மரியாதை. மெல்லத் தடவித் தேடுவது பக்கத்தில் இருப்பவரின் காதுக்கு நாராசம். நீங்கள் ஒரு மெட்டைத் தொடங்கினால் அதன் வேகம் உங்களுடையது, உங்களைவிட நன்றாக வாசிப்பவரும் அதற்குள்தான் வருவார். இந்த நாகரிகம் எனக்கு மிகவும் பெரிதாகப் படுகிறது. ஒரு ஆரம்பநிலைக்காரர் பயந்து பயந்து தொடங்கும் மெட்டை எட்டுப் பேர் அவருடைய வேகத்திலேயே தாங்கிப் பிடிப்பதை இங்கே அடிக்கடி பார்க்கலாம். தாள வாத்தியம் வைத்திருப்பவர்கள் மட்டும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ஒரு மேசைக்கு ஒரு மேளம் போதும்.

வாசிப்புக்கு நடுவில் யாராவது பாட ஆரம்பிப்பார். பல சமயம் துணைக்கு வாத்தியம் இருக்காது. அப்போது எல்லோரும் வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டு அமைதியாவார்கள், கோரஸ் வரும்போது அறையே பாடும். யாரும் சொல்லிக்கொடுக்காமல் நாலு குரலாகப் பிரிந்து சுருதி சேரும். இங்கிலாந்தின் இந்தக் கூட்டுப் பாட்டைக் கேட்க வேண்டும் என்றால் நவம்பர் நடுவிலிருந்து கிறிஸ்துமஸ் வரை ஷெஃபீல்டுக்கு வெளியே உள்ள கிராமத்துப் பப்புகளுக்குப் போங்கள். தேவாலயத்தில் கேட்காத மெட்டுகளில் கிறிஸ்துமஸ் பாடல்களைப் பப் முழுக்கப் பாடுவார்கள். வார்த்தை தெரியாதவர் கையில் யாராவது தாளைத் திணிப்பார்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். வேல்ஸ் எல்லைப்புற வகை மோரிஸில் முகம் முழுக்கக் கறுப்புப் பூசி ஆடும் பழக்கம் இருந்தது. நம்மைப் போன்ற ஒருவர் அதைப் பார்த்துவிட்டு உள்ளே போய் உட்காரத் தயங்கினால் அதில் தவறே இல்லை. 2020-இல் மூன்று மோரிஸ் கூட்டமைப்புகளும் சேர்ந்து அதை நிறுத்த வேண்டும் என்று அறிவித்தன. பல குழுக்கள் நீலம், பச்சை என்று மாறிவிட்டன. பத்து வருடத்துக்கு முன்பே நடந்திருக்க வேண்டிய மாற்றம், ஆனாலும் எனக்கு அதில் உண்மையான மகிழ்ச்சி.

இனி உங்கள் வயலின். ச-ப-ச-ப என்று கூட்டிய தந்திகளை இங்கே ஜி-டி-ஏ-இ என்று மாற்ற வேண்டும். அடுத்தடுத்த தந்திகளுக்கு இடையே எப்போதும் ச-ப இடைவெளிதான், ப-மேல் ச என்ற இடைவெளி வராது. அதனால் பழைய விரல் இடங்கள் கொஞ்ச காலம் குழப்பும். நாற்காலியில் உட்கார்ந்து தாடைக்கும் தோளுக்கும் நடுவில் பிடிக்கவும் பழக வேண்டும். மற்றபடி உங்கள் பக்கம் சாதகம் அதிகம். டி-யையோ ஜி-யையோ ச என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலான மெட்டுகள் சங்கராபரணத்தின் சுரங்களுக்குள் அடங்கும். கேட்டவுடன் சுரம் பிரிக்கும் காது உங்களுக்கு இருக்கிறது, நோட்டுப் புத்தகம் இல்லாமல் வாசிக்கும் இந்த மேசையில் அதுதான் சொத்து. கமகத்தை மட்டும் ஒதுக்கிவையுங்கள். அழகு இங்கே வில்லின் அழுத்தத்தில் இருக்கிறது. டெர்பிஷயரின் வின்ஸ்டர் ஊரிலிருந்து வந்த ‘வின்ஸ்டர் கேலப்’ என்ற மெட்டில் தொடங்குங்கள்; ஆரம்பநிலைக்காரர்களுக்கு முதலில் தருவதே அதுதான். லண்டன் செசில் ஷார்ப் ஹவுஸில் உள்ள வான் வில்லியம்ஸ் நினைவு நூலகத்தின் இணையத் தொகுப்பில் சேகரிப்பாளர்களின் கையெழுத்துப் பிரதிகளை இலவசமாகவே பார்க்கலாம்.

குழுக்கள் தங்கள் கோடைக்கால அட்டவணையைத் தாங்களே வெளியிடும். உங்கள் ஊர்ப் பெயரோடு மோரிஸ் என்று தேடினால் கிடைக்கும். ஒரு முழு நாளை ஒதுக்க முடிந்தால் மே மாதக் கடைசித் திங்கள் விடுமுறையில் ஆக்ஸ்ஃபோர்டுஷயரின் பாம்ப்டனுக்குப் போங்கள். காலையிலிருந்து ஊர் வீடுகளின் தோட்டங்களில் ஆட்டம், மாலையில் பப்புகளில். டெவன் கடற்கரை ஊரான சிட்மத்தில் 1955 முதல் நடக்கும் ஆகஸ்ட் நாட்டுப்புற இசை விழாவும் நல்லதுதான், ஆனால் அங்கே கூட்டம் அதிகம். கேட்பதற்குப் போகலாம், முதல் முறை வாசிக்கச் சரிவராது. அதற்கு உங்கள் பக்கத்து ஊர்க் குழுதான் சரி. இரண்டு மூன்று வாரம் தொடர்ந்து போய், பத்து மெட்டுகளை நம்பி வாசிக்கிற நிலைக்கு வந்துவிட்டால், பேக்மேன் உங்கள் பக்கத்து நாற்காலிக்கு வந்து அக்டோபரில் பயிற்சி நாட்களில் என்ன செய்கிறீர்கள் என்று கேட்பார். ஆடக் கால் இருந்தும் வாசிக்கக் கை போதாத குழுக்கள் இங்கே நிறைய இருக்கின்றன.